தனித்திருந்தால் பெருகாத உயிர்: வெப்பமண்டலக் கடல் அட்டைகளின் இனப்பெருக்கமும் சினைப்பருவமும்

லங்காவித் தீவின் கடைத்தெருக்களில் ‘மிஞ்ஞாக் காமாட்’ எனப்படும் எண்ணெய்க் குப்பிகளைக் காணாத மலேசியர் அரியர். வெட்டுக்காயத்திற்கும் மூட்டுவலிக்கும் அதனைத் தடவும் வழக்கம் இந்நாட்டின் பல இனத்தாரிடையே உண்டு. சீனர் விருந்துகளில் அதே வகை உயிர், உலர்த்தி ஊறவைத்துச் சமைத்த உயர்விலைப் பண்டமாக இடம்பெறுகிறது. எண்ணெயாகவும் உணவாகவும் நாம் நன்கறிந்த கடல் அட்டையை ஓர் உயிராக நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. அது எவ்வாறு இனம் பெருக்குகிறது, ஆண்டின் எப்பருவத்தில் சினை கொள்கிறது, அதன் குஞ்சு எவ்வடிவில் பிறக்கிறது என வினவினால், நாள்தோறும் அதனை விற்போரும் வாங்குவோரும் விடை கூறுதல் அரிது. அவ்வினாக்களே இவ்வுரையின் பொருள்.

மொழியியல் பயின்றோராகிய நாம் உயிரியலின் எல்லைக்குள் அடியெடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் உயிருக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள், அவ்வுயிரிடம் அவர்கள் எதனைக் கண்டார்கள் என்பதைத் தெரிவிக்கும். எதனைக் காணாது விட்டார்கள் என்பதையும் தெரிவிக்கும். கடல் அட்டையைப் பொறுத்தவரை, காணாது விடப்பட்ட பகுதியே அதன் வாழ்வுக்கும் அழிவுக்கும் அடிப்படையாக அமைந்துள்ளது.

பெயர்கள் காட்டுவதும் காட்டாததும்

நீண்டு, மென்மையாய், சுருங்கி விரியும் உடலை உடையது என்பதால் தமிழ்க் கடற்கரை மக்கள் இதனை அட்டை என்றனர். ஆயினும் நன்னீர் அட்டைக்கும் இதற்கும் இன உறவு இல்லை. அட்டை, மண்புழுவின் சுற்றம். அதன் இனங்களுட் பல குருதியை உறிஞ்சுபவை. கடல் அட்டையோ முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சார்ந்தது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அதன் நெருங்கிய உறவினங்கள். வெப்பமண்டலத்து வணிக இனங்களுட் பெரும்பாலானவை கடல்தரையின் மணலை விழுங்கி, அதிற் கலந்துள்ள மக்கிய பொருளைச் செரித்து, எஞ்சிய மணலை மீண்டும் வெளியேற்றுகின்றன. உழவனுக்கு மண்புழு செய்யும் பணியைக் கடல்தரைக்கு இவை செய்கின்றன.

மலாய் மொழியில் ‘திமுன் லாவுட்’ என்பது கடல் வெள்ளரி எனப் பொருள்படும். ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. சீனர் இதனைக் ‘ஹாய்ஷென்’, அதாவது கடல் ஜின்செங் என்கின்றனர். போர்த்துகீசியர் கடற்புழு என்னும் பொருளில் ‘பிச்சு து மார்’ என்றனர். அது பிரெஞ்சு வடிவம் பெற்று ‘பெஷ் த மேர்’ ஆயிற்று. தென்பசிபிக்கின் கடல் அட்டை வாணிகத்தோடு தொடர்புடையதாய் வளர்ந்த கலப்புமொழி ஒன்று இச்சொல்லையே தன் பெயராகக் கொண்டது. வனுவாட்டு நாட்டின் இன்றைய பிஸ்லாமா மொழியின் பெயர் அதன் வழிவந்ததாகும். ஒரு விலங்கின் பெயரால் ஒரு மொழி பெயர் பெறுவது மொழி வரலாற்றில் அரிய செய்தி.

நம் வட்டாரத்தில் ‘தெரிப்பாங்’ என்னும் சொல் கடல் கடந்து வழங்கிற்று. சுலாவேசியின் மக்காசார் மாலுமிகள் ஆண்டுதோறும் பருவக்காற்றைத் துணையாகக் கொண்டு வட ஆஸ்திரேலியக் கரைக்குச் சென்று தெரிப்பாங் எடுத்து, அவித்து உலர்த்திச் சீன வாணிகத்திற்கு அனுப்பினர். அப்பயணங்கள் 1907 வரை தொடர்ந்தன. மலேசியாவில் ‘காமாட்’ என்பது பெரிதும் ஸ்டிக்கோப்பஸ் பேரினத்தையும் அதன் உறவினங்களையும் குறிக்கும். சபா மாநிலக் கரைகளில் ‘பாலாட்’, ‘பாட்’ என்னும் பெயர்கள் வழங்குகின்றன. மன்னார் வளைகுடாத் தமிழ் மீனவர் வெள்ளை அட்டை, ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை எனப் பிரித்தறிவர். தொட்டால் வெண்ணூல் போன்ற பசைமிக்க இழைகளைப் பீய்ச்சும் இனத்திற்கு நூல் அட்டை எனப் பெயரிட்டது கூர்த்த நோக்கின் விளைவாகும்.

இப்பெயர்களை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உருவம், நிறம், பயன், மதிப்பு ஆகியன பெயர்களில் பதிவாகியுள்ளன. இனப்பெருக்கம் எதிலும் பதிவாகவில்லை. மீன்களுக்குச் சினைமீன் என்னும் சொல் உண்டு. நண்டிலும் சினை நண்டை மீனவர் எளிதில் அறிவர். கடல் அட்டையின் சினை உடலுக்குள் மறைந்திருப்பது. அறுத்துப் பார்த்தாலன்றித் தெரியாதது. அறுக்கும் பொழுதும் அது குடலோடு சேர்த்து எறியப்படுகிறது.

சினை என்னும் சொல்லைக் குறித்து ஒரு சொல் உரைத்தல் தகும். தொல்காப்பியம் முதலிய இலக்கண நூல்களில் சினை என்பது முழுப்பொருளின் உறுப்பைக் குறிக்கும். கை, கிளை போன்றவை சினைப்பெயர்கள். கடற்கரை வழக்கில் அதே சொல் மீனின் வயிற்றிலுள்ள முட்டைத் திரளைக் குறிக்கும். இவ்வுரையில் உடலுள் முதிரும் இனவணுக்களைச் சினை என்றும், அவை முதிர்ந்து வெளிப்படும் காலத்தைச் சினைப்பருவம் என்றும் குறிக்கிறோம்.

ஆணும் பெண்ணும்

உலகக் கடல்களில் 1,700க்கு மேற்பட்ட கடல் அட்டை இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. எனினும் புறத்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. நிறத்தாலோ அளவாலோ பால் பிரித்தறிய இயலாது. பல இனங்களில் ஆண் பெண் விகிதம் ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகிறது.

நட்சத்திர மீனிலும் கடல் முள்ளெலியிலும் இனப்பெருக்க உறுப்புகள் ஐந்து திசைகளிலும் பரவி அமைந்திருக்கும். கடல் அட்டையில் அவ்வுறுப்பு ஒன்றே. உடலின் முன்பகுதியில், மேற்புறத்தை ஒட்டி, சேமியா இழைகளை ஒரு முனையிற் கட்டி வைத்தாற்போல நுண்குழல்களின் கொத்தாக அது தொங்கும். காமாட் இனங்களில் இக்கொத்து இடம் வலமென இரண்டாகப் பிரிந்திருக்கும். குழல்கள் யாவும் ஒரே நாளத்தில் சேர்ந்து, தலையருகே மேற்புறத்திலுள்ள சிறு துளை வழியே வெளியைத் தொடும்.

இளமையில் குழல்கள் மெல்லியனவாய், ஒளி ஊடுருவுவனவாய் இருக்கும். முதிர முதிர அவை தடித்து நீளும். ஆணில் பால்வெண்மையும், பெண்ணில் இனத்திற்கேற்ப மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயலும் தோன்றும். சினை வெளிப்பட்ட பின் அவை சுருங்கித் தளர்ந்துவிடும். ஆய்வாளர் இம்மாற்றத்தை ஓய்வுநிலை, வளர்நிலை, முதிர்நிலை, பகுதி வெளிப்பட்ட நிலை, முற்றும் வெளிப்பட்ட நிலை என ஐந்தாகப் பகுப்பர். சில இனங்களில் ஓய்வுநிலையின்போது அவ்வுறுப்பே கரைந்து மறைந்துவிடும். அக்காலத்தில் அறுத்துப் பார்த்தாலும் ஆணா பெண்ணா எனக் கூற இயலாது.

சினைப்பருவத்தை எவ்வாறு கணிக்கின்றனர்? மாதந்தோறும் சில உயிர்களை எடுத்து, இனப்பெருக்க உறுப்பின் எடை உடலெடையில் எத்தனை விழுக்காடு எனக் கணக்கிடுவர். இவ்விகிதம் மாதந்தோறும் ஏறிவந்து திடீரெனச் சரியுமானால், அச்சரிவுக் காலமே சினை வெளிப்பட்ட காலம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடல் அட்டையின் உடல் நீராலும் மணலாலும் நிரம்பியது. கையில் எடுத்தவுடன் நீரைப் பீய்ச்சும். அஞ்சினால் குடலையே வெளித்தள்ளும் இனங்களும் உள. காலையில் நிறுத்த எடை மாலையில் நிற்பதில்லை. ஆதலின் நீரையும் குடலையும் நீக்கி, தசைச்சுவரின் எடையை மட்டும் அடிப்படையாகக் கொள்வர். ஓராண்டு முழுவதும், இயன்றால் ஈராண்டும், மாதந்தவறாமல் இவ்வாறு செய்தாலன்றி ஒரு கரையின் சினைப்பருவத்தை உறுதியாகக் கூறவியலாது.

முதிர்ச்சி எய்தும் அளவும் இங்ஙனமே கணிக்கப்படுகிறது. வணிகத்தில் மிகப் பெயர்பெற்ற வெள்ளை அட்டை, ஹோலோதூரியா ஸ்கேப்ரா என்பது, ஏறத்தாழ 200 கிராம் உயிரெடையை அடையும்போது முதன்முதலாகச் சினை கொள்கிறது. அதற்கு முன் எடுக்கப்படும் ஒவ்வொன்றும் ஒருமுறைகூட இனம் பெருக்காமல் மடிந்த உயிராகும்.

திறந்த நீரில் நிகழும் கருக்கூடல்

சினை முதிர்ந்த கடல் அட்டைகள் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இரவின் முற்பகுதியிலும் இனவணுக்களை வெளியிடுகின்றன. மணலோடு ஒட்டிக் கிடந்த உயிர் அவ்வேளையில் உடலின் முற்பாதியை நிமிர்த்தி, படமெடுத்த பாம்பைப் போல் இருபுறமும் மெல்ல அசையும். பொதுவாக ஆணே முதலில் தொடங்கும். தலையருகேயுள்ள துளையிலிருந்து விந்து வெண்புகை போல் வெளிப்பட்டு நீரிற் கலக்கும். அதிற் கலந்துள்ள வேதிக் குறிப்புகள் அருகிலுள்ள ஏனைய ஆண்களையும், பின்னர்ப் பெண்களையும் தூண்டும். பெண்ணின் துளைப்பகுதி சிறிது நேரம் வீங்கிப் புடைத்து, பின் முட்டைகளை ஒரே வீச்சாய்ப் பீறிட்டு வெளியேற்றும். வெள்ளை அட்டையின் பெண் ஒருமுறையில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை வெளியிட வல்லது. ஒரு முட்டையின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவது அரிது.

குளிர்க்கடல் இனங்கள் சில முட்டைகளைத் தம் உடலிற் சுமந்து காப்பதுண்டு. நம் கடல்களின் வணிக இனங்களில் அத்தகைய காவல் இல்லை. விந்தும் முட்டையும் திறந்த நீரில் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். அச்சந்திப்பிற்கு இரண்டு நிபந்தனைகள் உள. ஆணும் பெண்ணும் ஒரே பொழுதில் இனவணுக்களை வெளியிட வேண்டும். ஒன்றுக்கொன்று அருகில் இருக்கவும் வேண்டும். விந்து வெளிப்பட்ட இடத்திலிருந்து விலக விலக நீரோட்டத்தால் விரைவில் நீர்த்துப் போகும். தொலைவிலுள்ள பெண்ணின் முட்டைகள் கருவுறாமலே சிதையும். முட்டை இலட்சக்கணக்கானதாயினும் அருகில் ஆண் இல்லையேல் பயன் இல்லை. இவ்வுரையில் பின்வரும் செய்திகள் அனைத்தும் இவ்விரு நிபந்தனைகளைச் சார்ந்தே நிற்கின்றன.

இளமைப் பெயர்களும் இளமை வடிவங்களும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுவதிலிருந்து தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களை அது தருகிறது. பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் உரியவை பார்ப்பு, பிள்ளை என்பன. கடல் அட்டையும் தவழ்வதே. ஆனால் அதன் இளமையை ஒரு பெயருள் அடக்க இயலாது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் அது ஒன்றையொன்று ஒவ்வாத மூன்று வடிவங்களைக் கடக்கிறது.

கருவுற்ற முட்டை ஓரிரு நாள்களில் நீந்தும் இளவுயிரியாகிறது. முதல் வடிவத்தை அறிவியலார் ‘ஆரிகுலேரியா’ என்பர். சிறு செவி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் இதனைச் செவியுரு எனலாம். கண்ணாடி போன்ற இவ்வுயிரி நீரில் மிதந்தவாறே நுண்பாசிகளை உண்டு பத்து நாள்களோ இரண்டு வாரமோ வளரும். உணவு குறைந்தால் இந்நிலையிலேயே பெரும்பாலானவை மடியும். அடுத்த வடிவம் ‘தோலியோலேரியா’. இலத்தீனில் ‘தோலியம்’ என்பது பெரிய மட்கலம். நம் தாழியை ஒத்தது. ஆதலின் தாழியுரு என்பது பொருந்தும். இந்நிலையில் அது எதனையும் உண்பதில்லை. ஓரிரு நாள்களுக்குள் தங்குமிடம் தேடவேண்டும். மூன்றாவது ‘பென்டாக்டுலா’, வாயைச் சுற்றி ஐந்து உணர்கைகள் தோன்றிய வடிவம். இதனை ஐங்கையுரு எனலாம். இப்போது அது நீந்துவதைக் கைவிட்டு, தங்கி வாழும் வாழ்வைத் தொடங்குகிறது.

வெள்ளை அட்டையின் இளவுயிரிகள் மணலில் நேரே இறங்குவதில்லை. அகன்ற இலையுடைய கடற்புல்லின் இலைகளையே அவை விரும்பித் தேர்ந்து படிகின்றன. இலையின் மேற்படிந்த நுண்ணுயிர்ப் படலத்தை உண்டு, ஏறத்தாழ நான்கைந்து வாரங்கள் அங்கேயே வளர்ந்து, பின்னரே மணலுக்கு இறங்கிப் புதைந்து வாழக் கற்கின்றன. கடற்புல் வெளி அவ்வுயிருக்குத் தொட்டிலாகும். நம் நாட்டில் ஜொகூரின் பூலாய் ஆற்று முகத்துவாரத்திலும் சபாவின் கரைகளிலும் கடற்புல் வெளிகள் உள்ளன. இத்தகைய வெளிகள் தூர்க்கப்படும் இடங்களில், பெரிய அட்டைகள் எஞ்சியிருந்தாலும் அவற்றின் குஞ்சுகள் படிவதற்கு இடம் இராது.

சினைப்பருவம் எப்பொழுது?

நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய வெப்பமண்டலப் பகுதிகளில் விடை ஓரளவு தெளிவானது. பெரும்பாலான இனங்கள் கடல்நீர் வெப்பமுறும் மாதங்களில் சினை வெளியிடுகின்றன. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் வெள்ளை அட்டையின் சினைப்பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை எனக் கண்டறியப்பட்டுள்ளது. தென்கோளத்தில் அவை கோடை மாதங்கள். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வசந்தகாலத்தின் பிற்பகுதியில் முழுநிலாவை அடுத்த இரவுகளில் பவளங்கள் திரளாக இனவணுக்களை வெளியிடும். அந்நாள்களை ஒட்டிப் பல கடல் அட்டை இனங்களும் சினை வெளியிடுவதைக் கடலாய்வாளர் நேரிற் கண்டுள்ளனர். பரந்த கடலில் ஒன்றையொன்று காணவியலாத உயிர்களுக்கு நிலவு பொதுக் கடிகாரமாகிறது.

நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இவ்வொழுங்கு தளர்கிறது. ஆண்டு முழுவதும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் கடல்களில், எம்மாதத்தில் பார்த்தாலும் முதிர்ந்த சினையுடைய அட்டைகள் சில கிடைக்கும். எனினும் ஆண்டில் ஓர் உச்சமோ இரண்டு உச்சங்களோ உண்டு. மன்னார் வளைகுடாவில் வெள்ளை அட்டைக்கு இரண்டு உச்சங்கள் குறிக்கப்பட்டுள்ளன. இங்கே வெப்பத்தினும் மழை முதன்மை பெறுகிறது. பருவமழை பெய்து ஆறுகள் பெருகும்போது கடல்நீரின் உவர்ப்புக் குறையும். ஆற்றுநீர் கொணரும் சத்துகளால் நுண்பாசிகள் செழிக்கும். செவியுரு நிலையிலுள்ள இளவுயிரிகளுக்கு அந்நுண்பாசிகளே உணவு. தாய்க்கு உகந்த காலத்தைவிடக் குஞ்சுக்கு உகந்த காலத்தை நோக்கியே சினைப்பருவம் அமைந்துள்ளது எனலாம்.

இப்பொது நெறிக்கு விலக்குகளும் உள. பிரெஞ்சு ஆய்வாளர் சான்டால் கோனான் நியூ கலிடோனியாவின் உப்பங்கழிகளில் ஆய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவுகள் இங்குக் குறிக்கத்தக்கன. உடலின் இருபுறமும் முலைக்காம்பு போன்ற புடைப்புகளை உடைய இரு நெருங்கிய இனங்கள் அங்கு வாழ்கின்றன. வாணிகர் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, வெள்ளை, கறுப்பு என நிற அடைமொழி மட்டும் சேர்ப்பர். வெள்ளை இனம் கோடை மாதங்களில் சினை வெளியிடுகிறது. கறுப்பினமோ குளிர் மாதங்களாகிய சூன், சூலையை ஒட்டியே சினை வெளியிடுகிறது. ஒரே கடலில், ஒரே பெயரால் வழங்கும் இரு உயிர்களின் பருவங்கள் ஆண்டின் இரு முனைகளில் நிற்கின்றன. அங்குக் கோடையில் மட்டும் பிடிப்பைத் தடை செய்தால் ஓரினம் காக்கப்படும். மற்றோரினம் தன் சினைப்பருவத்திலேயே பிடிபடும்.

நம் நாட்டிற்கும் இது பொருந்தும். தீபகற்பத்தின் கிழக்குக் கரை நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்கிறது. லங்காவியும் பங்கோரும் அமைந்த மேற்குக் கரை அக்காற்றின் நேர்த்தாக்கத்திற்கு மறைவானது. மழையும் நீரோட்டமும் உவர்ப்பும் இரு கரைகளிலும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை. ஓரிடத்தில் ஓரினத்திற்குக் கண்ட பருவத்தைப் பிறிதோர் இடத்திற்கும் பிறிதோர் இனத்திற்கும் அப்படியே ஏற்றிக் கூறலாகாது.

பிளந்து பெருகுதல்

சில கடல் அட்டைகள் ஆண் பெண் சேர்க்கையின்றியும் பெருகுகின்றன. குச்சி அட்டை என வழங்கும் ஹோலோதூரியா ஆட்ரா அவற்றுள் ஒன்று. பச்சைநிறக் காமாட் இனமாகிய ஸ்டிக்கோப்பஸ் குளோரோனோட்டஸ் மற்றொன்று. உடலின் நடுப்பகுதி முறுகி இறுகும். முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, உடல் இரண்டாகப் பிரியும். முன்பாதி புதிய பின்புறத்தையும், பின்பாதி புதிய வாயையும் குடலையும் வளர்த்துக்கொள்ளும். சில திங்களில் ஓருயிர் ஈருயிராகும்.

பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இதனை ஆய்ந்த ஸ்வென் உத்திக்கே, இப்பிளவு பெரும்பாலும் குளிர் மாதங்களிலேயே நிகழ்வதாகக் கண்டார். கோடையில் சினை வழியும், குளிர்காலத்தில் பிளவு வழியும் இனம் பெருகுகிறது. ஆயினும் பிளந்து தோன்றிய இரண்டும் ஒரே மரபின; ஒவ்வொன்றும் தாயினும் சிறியது. புதிய இடங்களுக்குப் பரவவும் புதிய மரபுச் சேர்க்கை பெறவும் நீந்தும் இளவுயிரிகளே வழி. மேலும், உயர்விலை பெறும் வெள்ளை அட்டை இயற்கையில் இவ்வாறு பிளந்து பெருகுவதில்லை. வெட்டி எறிந்தால் மீண்டும் வளரும் என்னும் பொதுநம்பிக்கை அதற்குப் பொருந்தாது.

அருகாமை குன்றினால்

முன்னர்க் கூறிய இரு நிபந்தனைகளை மீண்டும் கருதுவோம். ஆண்டின் பருவமும் நிலவும் விந்தின் குறிப்பும் ஒரே பொழுது என்னும் நிபந்தனையை நிறைவேற்றுகின்றன. அருகாமை என்னும் நிபந்தனையை நிறைவேற்ற அவ்வுயிரால் இயலாது. கடல் அட்டை மிக மெதுவாக நகர்வது; கண்ணில்லாதது. பக்கத்தில் இணை இருந்தால் உண்டு. இல்லையேல் தேடிச்சென்று அடைதல் அரிது.

ஆகவே ஒரு கரையில் ஆயிரம் அட்டைகளுள் தொள்ளாயிரத்தை எடுத்தால், எஞ்சிய நூறு பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு குஞ்சுகளைத் தரும் என எண்ணுதல் தவறு. எஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் சிதறிக் கிடக்குமாயின், அவை சினை கொள்ளும். உரிய பருவத்தில் வெளியிடவும் செய்யும். ஆனால் முட்டைகள் கருவுறா. கண்ணுக்கு உயிர் தென்படும், இனப்பெருக்கம் நின்றிருக்கும். இத்தேய்வைத் தவிர்க்க எக்டேருக்குக் குறைந்தது 10 முதல் 50 அட்டைகளாவது எஞ்சவேண்டும் என ஆய்வாளர் சிலர் தோராயமாக மதிப்பிட்டுள்ளனர். இனத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப இவ்வெண் மாறும்.

இதற்குக் கண்கூடான சான்று உண்டு. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முன்னர்க் குறித்த கறுப்பினத்தின் பிடிப்பு, அதன் தொகை வீழ்ந்தமையால் 1999இல் நிறுத்தப்பட்டது. ஈராண்டு கழித்து நடத்திய கணக்கெடுப்பில் தொகை மீண்டதற்கான அறிகுறி தென்படவில்லை. அப்பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டது 2019இல்தான். எடுப்பதற்குச் சில ஆண்டுகள் போதும். மீள்வதற்கு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது.

பல நாடுகள் காலந்தாழ்ந்தே இதனை உணர்ந்தன. இந்தியா 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்த்துப் பிடிப்பை முற்றும் தடை செய்தது. பாப்புவா நியூ கினி 2009இல் தன் பிடிப்பு முழுவதையும் நிறுத்தி 2017இல் மீண்டும் திறந்தது. வெள்ளை அட்டை இன்று உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் உள்ளது.

பொரிப்பகம் தரும் விடையும் அதன் எல்லையும்

கடலில் குன்றியதைக் கரையில் வளர்த்து ஈடுசெய்யலாம் என்னும் எண்ணம் தமிழகக் கரையில் முதன்முதலாகப் பயன் தந்தது. 1988இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டி. பி. ஜேம்ஸும் அவர்தம் குழுவினரும் வெள்ளை அட்டையைத் தொட்டியில் சினை வெளியிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தனர். அவர்கள் கையாண்ட வழி எளியது. நீரின் வெப்பத்தைச் சில பாகை உயர்த்தினர். கோடை வந்ததென உயிர் உணர்ந்தது. இன்று சாலமன் தீவுகள், வியட்நாம், மடகாஸ்கர் எனப் பல இடங்களில் பின்பற்றப்படும் முறைகள் இவ்வழியின் விரிவுகளே. இலங்கையின் வடகரையிலும் தமிழ் மீனவர் வாழும் பகுதிகளில் வெள்ளை அட்டைப் பண்ணைகள் அமைந்துள்ளன.

எனினும் பொரிப்பகம் கடலை விட்டு நீங்கியதன்று. வெப்பத்தைக் கூட்டினாலும், சினை முதிராத அட்டை முட்டை தராது. முதிர்ந்த தாய் அட்டைகளை உரிய பருவத்தில் கடலிலிருந்தே எடுத்துவர வேண்டும். இலட்சக்கணக்கான முட்டைகளுள் மிகச் சிறு பங்கே குஞ்சாகத் தேறும். அக்குஞ்சுகளைக் கடலில் விடும்போதும் பரவலாகத் தூவினால் அவை வளர்ந்த பின் தனித்தனியே கிடந்து பயனற்றுப் போகும். கடற்புல் வெளிகளில் நெருக்கமாக விட்டு, எடுக்காமற் காத்தால் அவ்விடம் சுற்றுக் கரைகளுக்கும் இளவுயிரிகளை வழங்கும் ஊற்றாகும்.

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கடப்பாடுகள் தெளிவாகின்றன. முதல் சினை கொள்ளுமுன் எவ்வுயிரையும் எடுக்கலாகாது. பிடிப்புக்கு ஓய்வு தரும் காலம் அந்தந்தக் கரைக்கும் இனத்திற்கும் உரிய சினைப்பருவத்தோடு பொருந்த வேண்டும். எஞ்ச விடுவதைச் சிதறலாக அன்றிக் கூட்டமாக எஞ்ச விடவேண்டும்.

இவற்றுள் இரண்டாவது கடப்பாட்டில் மொழியறிஞருக்கும் பங்குண்டு. சினைப்பருவத்தை மாதந்தோறும் அறுத்து ஆய்வதற்கு எல்லாக் கரைகளிலும் ஆய்வகங்கள் இல்லை. ஆனால் எல்லாக் கரைகளிலும் அட்டை எடுப்போரும் அறுத்து அவிப்போரும் உளர். அறுக்கும் கையில் நூலிழை போன்ற கொத்து எம்மாதத்தில் தடித்துக் கிடந்தது, எம்மாதத்தில் காணப்படவில்லை என்பதை அவர்கள் பல்லாண்டு கண்டிருப்பர். வழக்குச் சொல் தொகுக்கச் செல்வோர் மலாய், பஜாவ், தமிழ்க் கரைகளில் ‘இதன் பெயர் யாது?’ என்று கேட்டுக் குறித்து வருகிறோம். இனி ‘இது எப்பொழுது சினை கொள்ளும்?’ என்பதையும் உடன் கேட்டு, ஊரும் மாதமும் இனமும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். அக்குறிப்புகளை உயிரியலார் சரிபார்த்துக்கொள்வர். பெயர்களோடு பருவங்களும் பதிவாகும் அகராதியே இவ்வுயிரைப் பற்றிய முழுமையான அகராதியாக அமையும்.